இறுக்காமல் இணைக்கும் கை

திருவெறும்பூர் வட்டாரத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பாய்லர் குழாயில் கை வைப்பதற்கு முன் தேர்வுத் துண்டில் கை வைத்தாக வேண்டும். பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை 1960-களில் இங்கே எழுந்தது. அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் வந்தது. அழுத்தம் தாங்க வேண்டிய பாய்லர் பாகங்களை வெல்டிங் செய்கிறவர் 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகளின்படி செய்முறைத் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அவர் ஒட்டிய துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறாதவரிடம் உண்மையான குழாயைக் கொடுப்பதில்லை.

இதே ஊரில் ஞானப்பல்லை எடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்தபடி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பல் மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறவரின் ஈறில் இரண்டு மூன்று தையல் இருக்கும். திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து விழுந்து உதடு கிழிந்தவருக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை தையல்?” என்பதுதான். அந்தத் தையலைப் போட்ட கை எதில் பழகியது, எத்தனை முறை பழகியது, யார் சோதித்துச் சரி என்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும். வாய்க்குள் தைப்பது பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அதில் உயிரியலும் இயற்பியலும் கைப்பயிற்சியும் ஒரு சென்டிமீட்டர் இடத்துக்குள் வந்து கூடுகின்றன.

ஈரத்துக்கு நடுவே ஒரு காயம்

கையிலோ காலிலோ காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடலாம், நனையாமல் பார்த்துக்கொள்ளலாம். வாயில் இரண்டுக்கும் வழியில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. மனித வாய்களில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. பேசும்போதும் விழுங்கும்போதும் கன்னமும் நாக்கும் அசைந்துகொண்டே இருக்கும். புதிதாக ஒன்று வாயில் இருந்தால் நாக்கு அதைத் துழாவாமல் விடாது.

இத்தனைக்கும் நடுவில் வாய்க்காயம் தோல் காயத்தைவிட வேகமாக ஆறுகிறது. ஈறுக்கும் கன்னச் சவ்வுக்கும் ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பது ஒரு காரணம். உமிழ்நீரில் இருக்கும் ஹிஸ்டாட்டின் என்ற புரதங்களும், செல் வளர்ச்சியைத் தூண்டும் காரணிகளும் இன்னொரு காரணம். காயத்தின் இரு ஓரங்களிலிருந்தும் மேற்புறச் செல்கள் ரத்த உறைவின் மேலாக ஊர்ந்து வந்து நடுவில் சந்திக்கின்றன. அடியில் புதிய ரத்த நாளங்கள் முளைக்கின்றன. ஐந்து முதல் ஏழு நாட்களில் ஓரங்கள் தம் பலத்திலேயே சேர்ந்து நிற்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் தையலுக்கு என்ன வேலை? காயத்தை ஆற்றுவது உடல்தான். அது வேலையை முடிக்கும்வரை இரு ஓரங்களையும் பக்கத்தில் கொண்டுவந்து, அசையாமல் பிடித்துக்கொள்வது தையலின் வேலை. அறுவை சிகிச்சை கற்பவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான்: ஓரங்களைச் சேர், நெரிக்காதே. தையலை இறுக்கினால் நூலின் வளையத்துக்குள் அகப்பட்ட நுண்ணிய ரத்த நாளங்கள் நசுங்குகின்றன. சிவந்திருந்த ஈறு கண்ணெதிரே வெளுக்கும். அப்படி வெளுத்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். அது அப்படியே நீடித்தால் ஓரம் அழுகி, நூல் திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். காயம் முன்பைவிடப் பெரிதாகும். அளவுக்கு மேல் சூடேறினால் இணைப்புக்குப் பக்கத்திலுள்ள நல்ல உலோகமும் கெடும் என்பதை வெல்டர்கள் அறிவார்கள். இணைக்கும் செயலே இணைப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பது இரு தொழிலுக்கும் பொது.

பல் பிடுங்கிய குழியில் கதை சற்று வேறு. அங்கே இரு பக்க ஈறும் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் பல் இருந்த பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை முதலில் நிரப்புவது ரத்த உறைவு. அதன் மேல்தான் புதுத் திசு வளரும், பிறகு மாதக்கணக்கில் எலும்பு நிரம்பும். ரத்த உறைவு சீக்கிரமே கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு மூடலின்றித் திறந்து நிற்கும். பல் பிடுங்கிய மூன்றாம் நாள், நான்காம் நாள் காதுவரை பரவும் கடும் வலி வரும். பல் மருத்துவர்கள் ‘ட்ரை சாக்கெட்’ என்று சொல்வது இதைத்தான். கீழ்த்தாடைக் கடைவாயில் இது அதிகம் வரும். அங்கே தையல் குழியை மூடி முத்திரை வைப்பதில்லை. விலகிய ஈறைத் தன் இடத்தில் நிறுத்தி, ரத்த உறைவு நிலைத்திருக்க உதவுகிறது. புதைந்த ஞானப்பல்லை அறுத்து எடுத்த பிறகு ஈறை முழுக்க மூடித் தைப்பதைவிட, வடிவதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தைத்தால் வீக்கமும் வலியும் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நெருக்கமாகத் தைத்தால்தான் நல்ல தையல் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான பாடம் இது. “எத்தனை தையல்?” என்ற கேள்விக்கு வரும் எண் சிகிச்சையின் தரத்தைச் சொல்லாது என்பதும் இதனால்தான்.

வளைந்த ஊசி, மெல்லிய நூல்

வாயில் தைக்கும் ஊசி வட்டத்தின் ஒரு துண்டு. பெரும்பாலும் எட்டில் மூன்று பங்கு வட்டம் அல்லது அரை வட்டம். நேரான ஊசியை உள்ளே தள்ளித் திருப்பி வெளியே எடுக்கக் கடைவாயில் இடம் கிடையாது. வளைந்த ஊசிக்கு அந்த இடம் தேவையில்லை. மணிக்கட்டைத் திருப்பினால் போதும், அது தன் வட்டப் பாதையிலேயே போய் வெளியே வந்துவிடும்.

அதன் முனையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். மூன்று மூலையும் மூன்று வெட்டும் விளிம்புகள். பழைய வகை ஊசியில் மூன்றாவது விளிம்பு வளைவின் உட்புறம் இருந்தது. அது காயத்தின் ஓரத்தைப் பார்த்தபடி திசுவை அறுத்துக்கொண்டு போகும். பிறகு நூலை இழுக்கும்போது அந்தக் கீறலே கிழிசலாகும். இப்போது ஈறுக்குப் பயன்படுத்தும் ஊசியில் அந்த விளிம்பை வளைவின் வெளிப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். காயத்தைப் பார்க்கும் பக்கம் தட்டையாக இருப்பதால் நூலுக்கு அங்கே அறுபடாத திசு தாங்கலாகக் கிடைக்கிறது. ஒரு விளிம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிய சிறு மாற்றம் எத்தனையோ பேரின் ஈறைக் கிழியாமல் காத்திருக்கிறது. ஊசியில் காதும் இல்லை. நூலின் நுனியை ஊசியின் அடிப்பகுதிக்குள்ளேயே செருகி இறுக்கித் தயாரிக்கிறார்கள். இதனால் இரட்டை நூல் தடிமன் ஓட்டைக்குள் போக வேண்டியதில்லை.

நூலின் அளவைப் பூஜ்யங்களில் சொல்வார்கள். பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும். ஈறுக்கு வழக்கமாக எடுக்கும் ‘மூன்று பூஜ்யம்’ நூலின் விட்டம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ‘நான்கு பூஜ்யம்’ 0.15 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும். உதட்டின் வெளித்தோலுக்கு அதனினும் மெல்லிய நூல் வேண்டும்.

நம் பல் மருத்துவமனைகளில் நெடுங்காலமாக ஆட்சி செய்வது கறுப்புப் பட்டு நூல். பட்டுப்புழுவின் இழையிலிருந்து பசையை நீக்கி, பின்னி, மெழுகோ சிலிக்கோனோ பூசித் தயாரிப்பது. கைக்கு மிருதுவாக இருக்கும், முடிச்சு நிற்கும், நாக்கைக் குத்தாது, கறுப்பாக இருப்பதால் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும், விலையும் குறைவு. குறை ஒன்று உண்டு. பின்னிய இழைகளுக்கு நடுவே உமிழ்நீரும் அதனுடன் பாக்டீரியாவும் ஊறி உள்ளே ஏறும். ஆகவே வாரத்துக்குள் அதைப் பிரித்துவிட வேண்டும்.

தானே கரையும் நூல்களில் மூத்தது கேட்கட். பெயரைக் கேட்டுப் பூனையை நினைக்க வேண்டாம், அது ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுக்கும் கொலாஜன். அதை உடலின் நொதிகள் செரித்துவிடும், வாயில் சில நாட்களிலேயே பலம் இழந்துவிடும். குரோமிக் உப்பில் ஊறவைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். பாலிகிளாக்டின் போன்ற செயற்கை நூல்களை நொதிகள் தொடத் தேவையில்லை, திசுவின் ஈரமே அவற்றின் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுக்கும். இரண்டு வாரத்தில் நான்கில் மூன்று பங்கு பலம் மிஞ்சியிருக்கும், முழுதாக மறைய இரண்டு மாதம்வரை ஆகும். ஊரிலிருந்து திரும்ப வர வசதியில்லாதவருக்கும், தையல் பிரிக்க வாயைத் திறக்காத குழந்தைக்கும் இவை வரப்பிரசாதம்.

ஆட்டுத் தாடையில் முதல் பாடம்

பல் மருத்துவ மாணவர்களின் தையல் பாடம் பெரும்பாலும் வாழைப்பழத் தோலிலோ ரப்பர் பஞ்சிலோ தொடங்கும். வாழைக்குப் பேர்போன திருச்சியில் பயிற்சிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தோலைக் கீறி, திரும்பச் சேர்த்துத் தைக்கும் மாணவர் கொஞ்சம் வலுவாக இழுத்தாலும் நூல் தோலை அறுத்துவிடும். இறுக்காதே என்று ஆசிரியர் பத்து முறை சொல்வதை வாழைப்பழத் தோல் ஒரே முறையில் சொல்லிவிடும்.

அடுத்தது கறிக்கடையில் வாங்கிய ஆட்டின் கீழ்த்தாடை. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத நீண்ட இடைவெளி உண்டு. எலும்பின் மேல் ஈறு போர்த்திய அந்த இடம், பல் விழுந்த மனிதத் தாடையை ஓரளவு ஒத்தது. தாடையைக் கழுவி, மேசையில் அசையாமல் பொருத்திவிட்டுத் தொடங்கலாம்.

15-ஆம் எண் பிளேடால் எலும்பைத் தொடும்வரை ஒரு கீறல். தட்டையான கருவியால் ஈறை எலும்பிலிருந்து மெல்லத் தூக்கினால் ஒரு பக்கம் மடல்போல் விலகும். இப்போது வலக்கையில் ஊசியைக் கவ்வும் நீடில் ஹோல்டர், இடக்கையில் திசுவைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸ். ஊசியைப் பிடிக்கும் இடம் முக்கியம். முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். நூல் செருகிய அடிப்பகுதியைப் பிடித்தால் ஊசி நசுங்கும், முனைக்கு அருகே பிடித்தால் வெளியே வரப் போதிய நீளம் இருக்காது.

முதலில் குத்துவது விலகி நிற்கும் மடலில். எலும்போடு ஒட்டிய பக்கம் பிறகுதான். அசையும் பக்கத்தை அசையாத பக்கத்துக்குக் கொண்டுவருவது எளிது, மாற்றிச் செய்தால் மெல்லிய மடல் கிழியும். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, ஊசிமுனை திசுவுக்குச் செங்குத்தாக இருக்கும்படி குத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஊசியைத் தள்ளுவார்கள். தள்ளினால் வளைந்த ஊசி நேராகப் போக முயன்று திசுவைக் கிழிக்கும், அல்லது தானே வளையும். செய்ய வேண்டியது மணிக்கட்டைத் திருப்புவது மட்டும். ஊசி தன் வளைவைப் பின்பற்றி ஓரத்தின் நடுவே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து வெளியே எடுத்து, எதிர்ப்பக்கத்தில் அதே ஆழத்தில், அதே தூரத்தில் குத்தி வெளியேற்ற வேண்டும். ஆழம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் ஓரங்கள் படிக்கட்டாக நிற்கும்.

இத்தனை நேரமும் ஊசிமுனை கண்ணை விட்டு மறையக் கூடாது. ஆட்டுத் தாடையில் ஊசி தவறி விழுந்தால் மேசையில் தேடலாம், நோயாளியின் வாயில் விழுந்தால் தொண்டைக்குள் போகும். அடுத்த தையல் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி. முடிச்சு வெட்டுக்கோட்டின் மேல் உட்காரக் கூடாது, கன்னப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறவேண்டிய இடத்தில் அழுக்கைச் சேர்த்துவைக்கும்.

முடிச்சை நிறுத்துவது எது?

பல் மருத்துவர் போடும் முடிச்சில் விரல்கள் நூலின் நடுவே போவதில்லை, கருவிதான் போகிறது. நீளமான முனையை நீடில் ஹோல்டரின் நுனியில் இரண்டு முறை சுற்றி, குட்டை முனையைக் கவ்வி இழுத்தால் முதல் முடிச்சு. பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று. மூன்றாவது, மறுபடி முதல் திசையில் ஒரு சுற்று.

முதலில் மட்டும் ஏன் இரண்டு சுற்று? முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கையை எடுக்கும் அந்தச் சில நொடிகளில் ஈறு தன் போக்கில் விலகப் பார்க்கும். ஒற்றைச் சுற்று அதைத் தாங்காது. ஒரு பொருளைச் சுற்றிய கயிற்றின் உராய்வு, சுற்று கூடக்கூடக் கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணிதமேதை ஆய்லர் இதைச் சமன்பாடாக எழுதிவைத்தார். ஒரு சுற்றைக் கூட்டினால் பிடிமானம் பல மடங்காவதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் முடிச்சுக்குத் திசை ஏன் மாற வேண்டும்? திசை மாறும்போது இரு வளையங்களும் ஒன்றையொன்று தட்டையாக அழுத்திப் பூட்டிக்கொள்கின்றன. ஒரே திசையில் இரண்டு முறை போட்டால் முடிச்சு பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஆனால் இழுவிசை வந்ததும் வழுக்கும். தவறு உடனே தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மருத்துவமனையில் அழகாக நின்ற முடிச்சு அன்றிரவு சாப்பிடும்போது அவிழும். இதில் நூலின் குணமும் சேர்கிறது: பட்டு சொரசொரப்பானது, மூன்று முடிச்சில் நிற்கும். ஒற்றை இழை நைலான் வழவழப்பானது, தான் சுருண்டிருந்த வடிவத்துக்கே திரும்பப் பார்ப்பது, அதற்குக் கூடுதல் முடிச்சு வேண்டும்.

இந்த அடிப்படைத் தையல் கைவந்துவிட்டால் மற்றவை அதன் விரிவுகளே. பல் பிடுங்கிய குழியின் மேல் எட்டு என்ற எண்போல் குறுக்காகப் போடும் தையல், குழிக்குள் வைக்கும் ஜெலட்டின் பஞ்சையும் ரத்த உறைவையும் நகராமல் காக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய துணை. ஓரங்களை அகலமாகப் பிடித்து இழுவிசையைப் பரப்ப மெத்தைத் தையல். ஈறு நோய் சிகிச்சையில் பல்லையே தூணாகச் சுற்றிக்கொண்டு வரும் தொட்டில் தையல். உதடு கிழிந்தவருக்கு முதல் தையல் எங்கே என்பதில் விவாதமே இல்லை. சிவந்த உதடும் தோலும் சேரும் கோட்டில்தான் அதைப் போட வேண்டும். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணுக்குப் பட்டுவிடும், ஆயுசுக்கும் அது முகத்தில் இருக்கும்.

பூசணிக்காயும் கட்டெறும்பும்

உயிருள்ள உடலைத் தொடுவதற்கு முன் உயிரற்றதில் பழகு என்ற விதி நம் நாட்டில் மிகப் பழையது. சுச்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பூசணி, சுரை, வெள்ளரி போன்றவற்றில் வெட்டப் பழக வேண்டும். பலாச்சுளை, வில்வம் முதலியவற்றிலும் செத்த விலங்கின் பற்களிலும் பிடுங்கப் பழக வேண்டும். மெல்லிய துணி, தடித்த துணி, மென்தோல் ஆகியவற்றின் ஓரங்களில் தைக்கப் பழக வேண்டும். எல்லா நூல்களையும் கற்றவனானாலும் இப்படிப் பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் தீர்ப்பு. தையலுக்கு உருண்டை ஊசி, முக்கோண ஊசி, வில்போல் வளைந்த ஊசி என்று மூன்றையும் அது விவரிக்கிறது. தையல்கள் தூரமாகவும் இருக்கக் கூடாது, நெருக்கமாகவும் இருக்கக் கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் என்று இன்று அளந்து சொல்வதன் மூத்த வடிவம் அது.

திருவெறும்பூர் மலைக்கோயிலில் தேவர்கள் எறும்பு வடிவில் வந்து ஈசனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. எறும்பீசுவரர் என்ற பெயரும் அதனால் வந்ததே. எறும்புக்கு அறுவை சிகிச்சையிலும் ஓர் இடம் இருந்தது. குடலில் ஓட்டை விழுந்தால் அதன் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு, கடித்ததும் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அப்படியே விட்டுவிடும் முறையைச் சுச்ருத சம்ஹிதை சொல்கிறது. கடித்த தாடைகள் ஓரங்களை விடாமல் பிடித்திருக்கும். குடலைக் குத்தி நூல் கோப்பதைவிட ஒரு கவ்வியே மேல் என்று கண்டவர்கள், ஓரங்களைச் சேர்த்துப் பிடிப்பதே தையலின் சாரம் என்பதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள்.

கையை முதலில் பழக்கியதற்கு ஐரோப்பாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளாகி இறந்தார். அறுபட்ட ரத்தக்குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் மருத்துவம் பயின்ற அலெக்ஸிஸ் காரெல், பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் போய் நுண்ணிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ரத்தக்குழாய்களை இணைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார், 1912-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கையின் கல்வியைத் தெரிந்தவரிடம் தேடிப் போனது அவர் செய்த முதல் ஆராய்ச்சி.

கை எப்படிக் கற்கிறது?

1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் கைத்திறன் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் நினைத்து நினைத்துச் செய்கிறோம். பிறகு தவறுகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கடைசியில் கை தானே செய்கிறது, மனம் வேறொன்றைக் கவனிக்க விடுதலை பெறுகிறது. அந்த விடுதலைதான் நோயாளிக்கு வேண்டியது. எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு, ஈறு வெளுப்பதும் நோயாளியின் முகம் வியர்ப்பதும் கண்ணில் படாது.

அந்தக் கட்டத்துக்கு எப்படிப் போவது? கனடாவில் மோல்டனும் அவருடைய குழுவினரும் செய்து 2006-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. பயிற்சியில் இருந்த 38 இளம் அறுவை மருத்துவர்களுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே நான்கு பாடங்கள். ஒரு குழுவுக்கு ஒரே நாளில், இன்னொரு குழுவுக்கு வாரம் ஒன்றாக. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களே தெளிவாக மேலே நின்றார்கள். பாடம் கூடவில்லை, செலவும் கூடவில்லை. இடைவெளி மட்டுமே கூடியது. பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவே வரும் உறக்கத்திலும் ஓய்விலும்கூட மூளை அந்த அசைவுகளைப் பதிந்துகொண்டிருக்கிறது.

மதிப்பிடவும் வழி இருக்கிறது. டொரோண்டோவில் 1990-களில் உருவான செய்முறை மதிப்பீட்டு முறையில், மாணவர் தைப்பதைப் பார்க்கும் ஆசிரியர் தலைப்பு வாரியாக மதிப்பெண் இடுவார். நேரம், அசைவு, கருவியைக் கையாளும் விதம் ஆகியவற்றோடு, திசுவுக்குக் காட்டும் மரியாதைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. மடலைக் கசக்கிப் பிடித்தாரா, ஒரே இடத்தில் பலமுறை குத்தினாரா, இழுத்து வெளுக்கவைத்தாரா என்று பார்ப்பார்கள். நல்ல பேராசிரியர் கண்ணால் அறிந்திருந்ததை எழுதி அளக்கத்தக்கதாக ஆக்கியது அந்த முறை.

நோயாளியின் பங்கு

தையல் போட்ட பிறகு ஆறுவதில் பாதி வேலை வீட்டில் நடக்கிறது. முதல் 24 மணி நேரம் வாயைக் கொப்பளிக்கவும் ஓயாமல் துப்பவும் வேண்டாம், ரத்த உறைவு கழன்றுவிடும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும் அப்படித்தான். கசிவு இருந்தால் சுத்தமான பஞ்சை மடித்து அரை மணி நேரம் விடாமல் கடித்திருங்கள், இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் அந்த வாரம் கூடாது. ட்ரை சாக்கெட் வருவதற்குப் புகை ஒரு முக்கியக் காரணம். ரத்தம் உறையாமலிருக்க இதய மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், அவர் அதற்கேற்பத் தைப்பார். பட்டுத் தையல் என்றால் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்கப் போங்கள். வலிக்கவில்லை என்று விட்டுவிட்டால் நூலே புண்ணை வளர்க்கும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

வாரம் ஒரு மணி நேரம்

தமிழகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சிதம்பரத்தில் 1980-இல் வந்த ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி பின்னாளில் அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வந்தது. 2023-இல் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் 50 இடங்களுடன் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மத்திய மண்டலத்துப் பிள்ளைகள் இனி பக்கத்திலேயே படிக்கலாம், அந்த மண்டலத்து மக்களுக்கே சிகிச்சையும் அளிப்பார்கள். அதே ஆண்டு, 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டமும் வந்தது. பாடத்திட்டத்தையும் பயிற்சியையும் திரும்பப் பார்க்க இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

என் கோரிக்கை எளியது. கல்லூரிகளில் தையல் பயிலரங்கை ஒரு நாள் விழாவாக நடத்திச் சான்றிதழ் கொடுத்து முடிக்காமல், மூன்றாம் ஆண்டிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் என்று பிரித்துக் கொடுங்கள். அதற்குச் செலவு பெரிதில்லை. வாழைப்பழத் தோல், கறிக்கடைத் தாடை, காலாவதியானதால் நோயாளிக்குப் பயன்படாத நூல், ஒவ்வொருவருக்கும் ஒரு நீடில் ஹோல்டர், தலைப்பு வாரியாக மதிப்பெண் போடப் பொறுமையுள்ள ஓர் ஆசிரியர். அந்த மதிப்பீட்டில் தேறிய பிறகே நோயாளியின் வாயில் ஊசி பிடிக்கலாம் என்று விதி செய்யுங்கள். பணியில் இருப்பவர்களுக்கும், குறிப்பாகத் தாலுகா மருத்துவமனைகளில் தனியாக நின்று உதடு கிழிந்தவரையும் தாடை உடைந்தவரையும் முதலில் பார்க்கும் பல் மருத்துவர்களுக்கும், அதே மேசையில் ஆண்டுக்குச் சில மணி நேரம் ஒதுக்குங்கள்.

தனியார் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்துப் போகிறவருக்குத் தேர்ந்த கையைத் தேடிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறவருக்கு அன்று பணியில் இருக்கும் கைதான் கிடைக்கும். அந்தக் கை ஏற்கெனவே நூறு முறை ஆட்டுத் தாடையில் தைத்துத் தவறி, திருத்திக்கொண்ட கையாக இருப்பது அவருடைய உரிமை. அதை உறுதிசெய்ய நமக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்.